23 படிப்புகளில் சேர்ந்து 8 படிப்புகளை முடித்த அனுபவம்

ஏற்காட்டிலிருந்து நாகலூர் செல்லும் சாலையையொட்டிய எங்கள் வீட்டில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைப்பது ஓர் இடத்தில் மட்டும்தான். சமையலறையின் கிழக்கு ஜன்னல் திண்டில், உப்பு ஜாடிக்கும் சுவருக்கும் இடையே கைப்பேசியைச் சாய்த்து வைத்தால் இரண்டு கோடுகள் தெரியும். ஒரு சாண் நகர்த்தினால் அதுவும் போய்விடும். மார்கழியில் பனிமூட்டம் ஜன்னல் கம்பி வரை வந்து நிற்கும் விடியற்காலைகளில், அடுப்பின் அருகே முக்காலி போட்டு உட்கார்ந்து, எங்கோ ஓர் ஐஐடியில் பேராசிரியர் நிகழ்தகவு நடத்துவதைக் கேட்டுக் குறிப்பெடுத்திருக்கிறேன். காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதும் ரைட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் அப்பா சில நாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏங்கண்ணு, நீ இங்க உக்காந்து படிக்கிறது அந்த வாத்தியாருக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "அப்புறம் சந்தேகம் வந்தா யாருகிட்ட கேப்ப?" என்றார்.

அன்று என்னிடம் விடை இருக்கவில்லை. 2014ஆம் ஆண்டிலிருந்து இதுவரை 23 இலவச இணையவழிப் படிப்புகளில் சேர்ந்திருக்கிறேன். 8 படிப்புகளை முடித்திருக்கிறேன். 15 படிப்புகளைப் பாதியிலோ தொடக்கத்திலோ விட்டுவிட்டேன். முடித்தவை ஏன் முடிந்தன, விட்டவை ஏன் விடுபட்டன என்று திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் அப்பாவின் கேள்விதான் முன்னால் வந்து நிற்கிறது. சேலத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணித ஆசிரியராக இருப்பதால், "பெரிய பெரிய காலேஜ் பாடமெல்லாம் வீட்டிலிருந்தே இலவசமாகப் படிக்கலாமாமே, என் பெண்ணைச் சேர்த்துவிடட்டுமா?" என்று கேட்கும் பெற்றோர் பலரை ஒவ்வோர் ஆண்டும் சந்திக்கிறேன். சேர்த்துவிடுங்கள் என்றுதான் சொல்கிறேன். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ள முடிவதில்லை.

இந்தப் படிப்புகள் தொடங்கியபோது இருந்த நம்பிக்கையை இப்போது நினைத்தாலும் மனம் நிறைகிறது. 2008ஆம் ஆண்டு கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் சீமன்ஸும் ஸ்டீபன் டௌன்ஸும் நடத்திய ஒரு படிப்பில், கட்டணம் செலுத்திய ஏறத்தாழ 25 மாணவர்களோடு 2,000க்கும் மேற்பட்டோர் இணையம் வழியாக இலவசமாகச் சேர்ந்துகொண்டார்கள். 2011ஆம் ஆண்டு ஸ்டான்ஃபோர்டில் செபாஸ்டியன் த்ரனும் பீட்டர் நார்விக்கும் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை எல்லாருக்கும் திறந்துவிட்டபோது ஏறத்தாழ 1,60,000 பேர் சேர்ந்தார்கள். அடுத்த ஆண்டே கோர்செரா, உடாசிட்டி, எட்எக்ஸ் ஆகிய மூன்று இணையப் படிப்புத் தளங்களும் தொடங்கின. எட்எக்ஸின் முதல் படிப்பான மின்சுற்றுகள் பாடத்தில் சேர்ந்த 1,55,000 பேரில் சான்றிதழ் பெற்றவர்கள் 7,157 பேர். நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லையே என்று அன்றே பலர் குறை சொன்னார்கள். நான் அந்த எண்ணை வேறு விதமாகத்தான் பார்த்தேன்: ஒரு பேராசிரியர் தன் வாழ்நாள் முழுவதும் வகுப்பறையில் நின்று பாடம் நடத்தினாலும் அதே கடினமான பாடத்தில் 7,000 பேரைத் தேற வைப்பது அரிது. மங்கோலியாவைச் சேர்ந்த 15 வயது மாணவன் ஒருவன் அந்தப் படிப்பில் முழு மதிப்பெண் பெற்றான் என்ற செய்தியைப் படித்த அன்று, மலையில் பிறந்த எனக்கும் அதில் ஓர் இடம் உண்டு என்று தோன்றியது.

நம் நாட்டில் இந்த முயற்சி அதற்கும் முன்பே தொடங்கிவிட்டது. ஏழு ஐஐடிகளும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003ஆம் ஆண்டு, பேராசிரியர்களின் பாடங்களை இணையத்தில் இலவசமாகத் தரும் என்பிடெல் திட்டத்தைத் தொடங்கின. 2014ஆம் ஆண்டு முதல் அது தேர்வும் சான்றிதழும் உள்ள படிப்புகளாக வளர்ந்தது. 2017ஆம் ஆண்டு ஜூலையில் மத்திய அரசின் இணையப் படிப்புத் தளமான ஸ்வயம் வந்தது. சேலத்தின் எந்தத் தெருவில் இருப்பவரும், விரும்பினால், ஐஐடி பேராசிரியரின் பாடத்தை முழுமையாகக் கேட்கலாம் என்ற நிலை எங்கள் பெற்றோர் காலத்தில் கற்பனைக்கும் எட்டாதது. இதை நான் மனதாரச் சொல்கிறேன். பின்னால் எழுதப்போகும் குறைகள் எதுவும் இந்த நன்றியைக் குறைக்கவில்லை.

நான் முதலில் சேர்ந்தது 2014ஆம் ஆண்டு, ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் அடிப்படைப் புள்ளியியல் படிப்பில். அப்போது அஸ்தம்பட்டியில் பெண்கள் விடுதியில் தங்கியிருந்தேன். சனிக்கிழமை மாலை பிரவுசிங் சென்டருக்குப் போய் அந்த வாரத்து விடியோக்களைப் பென்டிரைவில் இறக்கிக்கொண்டு வந்து, விடுதித் தோழியின் மடிக்கணினியை இரவல் வாங்கிப் பார்ப்பேன். ஏழு வாரமும் அப்படித்தான் நடந்தது. முடித்தவர்களுக்கு அன்று சான்றிதழும் இலவசமாகவே வந்தது. அதை அச்செடுத்து ஊருக்குக் கொண்டுபோனபோது, அம்மா அதை நிலப் பத்திரம் வைத்திருக்கும் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். ஓரிரு ஆண்டுகளில் நிலைமை மாறிவிட்டது. நான் படித்துக்கொண்டிருந்த தளம் ஒன்றில் முதலில் சான்றிதழுக்குக் கட்டணம் வந்தது. பிறகு மதிப்பெண் இடப்படும் பயிற்சிகளும் கட்டணம் செலுத்தியவர்களுக்கு என்று ஆயின. பாட விடியோக்கள் மட்டும் இலவசமாக எஞ்சின. விடியோ பார்ப்பது படிப்பதாகாது என்று கணிதம் கற்பிக்கும் எவருக்கும் தெரியும். கணக்கைப் போட்டுப் பார்த்து, தவறு எங்கே என்று யாராவது சுட்டிக்காட்டினால்தான் பாடம் நிற்கும். ஆகவே, இலவசம் என்ற சொல்லைப் பார்த்தவுடன் சேர்வதற்கு முன், எது வரை இலவசம், பயிற்சிக் கணக்குகளுக்கு விடை சரிபார்க்கும் வசதி அதில் அடங்குமா, எத்தனை நாள் பாடங்கள் திறந்திருக்கும் என்ற மூன்றையும் பார்த்துவிடுங்கள் என்று இப்போது என்னிடம் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்.

முடித்த 8 படிப்புகளைவிட விட்ட 15 படிப்புகள்தான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தன. 2017ஆம் ஆண்டின் முதல் வாரத்தில், கைப்பேசி இணையம் மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய உற்சாகத்தில், ஒரே இரவில் ஏழு படிப்புகளில் சேர்ந்தேன். அவற்றுள் நான்கை ஒருமுறைகூடத் திறந்து பார்க்கவில்லை. எனக்கு மட்டும்தான் இந்தச் சோம்பல் என்று வெட்கப்பட்டிருந்தேன். பின்னர், 2019ஆம் ஆண்டு சயன்ஸ் இதழில் வெளியான ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தேன். எட்எக்ஸில் ஹார்வர்டும் எம்ஐடியும் நடத்திய படிப்புகளின் ஆறாண்டுத் தரவுகளை ஆராய்ந்த அந்த ஆய்வின்படி, சேர்ந்தவர்களில் 52 விழுக்காட்டினர் பாடத்துக்குள் நுழையவேயில்லை. 2017-18ஆம் ஆண்டில் முடித்தவர்கள் ஏறத்தாழ 3 விழுக்காடு. கட்டணம் செலுத்திச் சான்றிதழுக்குப் பதிந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 46 விழுக்காடு. பணம் கட்டுவதாலேயே படிப்பு வந்துவிடும் என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது, ஏற்கெனவே உறுதியோடு வருபவர்கள்தான் பணமும் கட்டுவார்கள். ஆயினும், நுழைவதற்கு எந்தத் தடையும் இல்லாத வாசலில் வெளியேறுவதற்கும் எந்தத் தயக்கமும் இருப்பதில்லை என்பதை என் ஏழு படிப்புகளே எனக்குக் காட்டியிருந்தன. அதன் பிறகு, கையில் இருக்கும் ஒன்றை முடிக்காமல் இரண்டாவதில் சேர்வதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

மீதி விடுபட்டவற்றுக்கு வேறு காரணங்கள் இருந்தன. விடைத்தாள் திருத்தும் மாதம், அம்மாவின் அறுவை சிகிச்சை, முன்தேவை எதுவுமில்லை என்று போட்டுவிட்டு மூன்றாம் வாரத்தில் அணிக்கோவை என்ற கடினமான கணக்கை எடுத்துக்கொண்ட ஒரு படிப்பு என்று அவை பலவகை. ஆனால் மலையில் எல்லாவற்றையும்விடப் பெரிய தடை காப்பிப் பழம் பறிக்கும் காலம். கார்த்திகையில் தொடங்கித் தை வரை எங்கள் பக்கத்தில் யாருக்கும் ஓய்வு கிடையாது. எங்களுக்கு இருக்கும் ஒன்றரை ஏக்கரில் பழம் எடுக்க ஆள் கிடைக்காத நாளில் நானும் கூடையைக் கட்டிக்கொண்டு இறங்கியாக வேண்டும். என்பிடெல்லின் முதல் பருவம் ஜனவரி பிற்பாதியில் தொடங்கும்; இரண்டாவது பருவத்தின் தேர்வு வடகிழக்குப் பருவமழை நாட்களில் வரும். எந்தப் பருவத்தை எடுத்தாலும் மழையோ பழமோ குறுக்கே நிற்கும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. படிப்பின் கால அட்டவணையை எடுத்து, நம் ஊர் வேலைகளின் அட்டவணையை அதன் பக்கத்தில் எழுதி, இரண்டும் மோதும் வாரங்களை முன்கூட்டியே குறித்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். பன்னிரண்டு வாரப் படிப்பில் சிறந்த எட்டு வார ஒப்படைப்புகளின் (அசைன்மென்ட்) மதிப்பெண்ணைத்தான் என்பிடெல் கணக்கில் எடுக்கிறது என்பதால், எந்த நான்கு வாரங்களை விட்டுக்கொடுக்கலாம் என்பதையும் அப்போதே முடிவு செய்துவிடலாம்.

அந்தப் பழம் பறிக்கும் காலத்தில்தான் ஒரு பாடம் எனக்கு முழுமையாகப் புரிந்தது. புள்ளியியல் படிப்புகளில் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் பேஸ்பால் ஆட்டக்காரரின் சராசரியாகவோ, பனி பெய்யும் நாட்களாகவோ, சீட்டுக்கட்டாகவோ இருந்தன. எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று அளக்கும் திட்டவிலக்கம் பற்றிய பாடத்தில் கொடுக்கப்பட்ட எண்கள் கணக்குக்கு உதவினவே தவிர மனத்தில் உட்காரவில்லை. ஒரு மாலை தோட்டத்து ஆட்களின் அன்றாட வேலையைக் குறித்து வைக்கும் அப்பாவின் பழைய செக்ரோல் நோட்டு ஒன்றைப் புரட்டினேன். ஒவ்வொரு பெயருக்கும் நேராக, அன்றன்று எடுத்த பழத்தின் எடை, சாய்ந்த சிறிய எழுத்தில், நீல மையில் இருந்தது. இரண்டு பேரின் ஒரு வாரத்து எடையை எடுத்துக் கணக்குப் போட்டேன். இருவருக்கும் சராசரி ஒன்றுதான், நாள் ஒன்றுக்கு 42 கிலோ. ஒருவர் எல்லா நாளும் 40க்கும் 44க்கும் இடையே எடுத்திருந்தார். மற்றவர் ஒருநாள் 70, ஒருநாள் 20 என்று எடுத்திருந்தார். அப்பாவிடம் காட்டியபோது, அவர் கணக்கைப் பார்க்காமலேயே, "இந்த அம்மா ஒரே சீரா எடுப்பா. இவனை நம்பிப் பல்பர்ல ஆளு போட முடியாது. சராசரியப் பாத்து ஏமாந்துரக் கூடாதுன்னு எங்க துரை அப்பவே சொல்லுவாரு" என்றார். பல்பர் என்பது காப்பிப் பழத்தின் தோலை நீக்கும் எந்திரம். முப்பது ஆண்டுகளாகத் திட்டவிலக்கத்தை அந்தப் பெயர் தெரியாமலேயே அவர் கையாண்டு வந்திருக்கிறார். அன்றிலிருந்து எந்தப் பாடத்தைக் கேட்டாலும், அதில் வரும் எடுத்துக்காட்டைத் தள்ளிவைத்துவிட்டு, எனக்குத் தெரிந்த எண்களைக் கொண்டு அதே கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கிறேன். இது நேரத்தை எடுக்கும். ஒரு வாரப் பாடம் ஒன்றரை வாரமாகும். ஆனால் அதன் பிறகு நான் முடித்த படிப்புகள் எல்லாம் அப்படிப் படித்தவையே.

மொழியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவள். நிகழ்தகவுப் படிப்பின் இரண்டாம் வாரத்தில் ரேண்டம் வேரியபிள் என்ற சொல் நிமிடத்துக்கு நான்கு முறை வந்தது. அது ஏதோ புதிய, கடினமான கருத்து என்று நினைத்து ஒரு வாரம் தவித்தேன். பிறகு ஒருநாள், பள்ளி நூலகத்தில் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் தமிழ்வழி, ஆங்கிலவழிப் பதிப்புகள் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, அது சமவாய்ப்பு மாறி என்று தெரிந்தது. அதைத்தான் பதினேழு வயதிலேயே படித்து, மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். தெரிந்த ஆளை வேறு உடையில் பார்த்து அடையாளம் தெரியாமல் நின்றதைப் போல இருந்தது. நம் மாணவர்கள் பலர் இந்தப் படிப்புகளை விடுவது பாடம் புரியாததால் என்று சொல்கிறார்கள். உண்மையில் பாதிக்கு மேல் அவர்களுக்கு முன்பே தெரிந்த பாடமாகத்தான் இருக்கும். ஆகவே சேலத்தில் தமிழ்வழியில் படித்து வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லும் வேலை, ஒரு நோட்டில் இடப்பக்கம் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில், வலப்பக்கம் பாடநூலில் உள்ள தமிழ்ச் சொல் என்று எழுதிக்கொண்டே வருவது. என்பிடெல் பல படிப்புகளின் உரைவடிவத்தைத் தமிழிலும் மொழிபெயர்த்து வைத்திருக்கிறது. இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. விடியோவைப் பார்ப்பதற்கு முந்தைய இரவில் அந்த உரையை ஒருமுறை படித்துவிட்டால், மறுநாள் பேராசிரியரின் உச்சரிப்பு தொல்லை தராது. வேகத்தை முக்கால் பங்காகக் குறைத்து வைத்துக் கேட்பதும் உதவும்; அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

என்பிடெல் தேர்வை முதலில் தவறவிட்டேன், 2018ஆம் ஆண்டுதான் எழுதினேன். முந்தைய ஆண்டு ஒன்பது ஒப்படைப்புகளை ஒழுங்காகச் செய்திருந்தும், தேர்வுக்குத் தனியாகப் பதிந்து கட்டணம் செலுத்த வேண்டும் என்பதைக் கவனிக்காமல் கடைசி நாளைக் கடந்துவிட்டேன். படிப்பில் சேர்வது இலவசம், தேர்வு எழுத ஏறத்தாழ ஆயிரம் ரூபாய். தேர்வை மையத்துக்கு நேரில் சென்று கணினியில் எழுத வேண்டும். ஒப்படைப்புக்கு 25, தேர்வுக்கு 75 என்று மதிப்பெண் பிரிக்கப்படும். ஒப்படைப்பில் 10ம் தேர்வில் 30ம் எடுத்தால்தான் சான்றிதழ். தேர்வு நாளில் காலை ஒன்பது மணிக்குச் சேலத்தில் இருக்க வேண்டும் என்பதால் அதிகாலைப் பேருந்தைப் பிடித்தேன். இரவெல்லாம் பெய்த மழையில் ஒரு கொண்டை ஊசி வளைவில் சில்வர் ஓக் மரம் சாய்ந்து கிடந்தது. நடத்துநரும் பயணிகளும் இறங்கிக் கிளைகளை இழுத்துப்போட்டு வழி உண்டாக்க நாற்பது நிமிடங்கள் ஆயின. நனைந்த சேலையோடு, வாயில் மூடுவதற்குச் சில நிமிடங்களுக்கு முன் உள்ளே நுழைந்தேன். 67 மதிப்பெண் வந்தது. இப்போது மலையிலிருந்து தேர்வெழுத வருபவர்களிடம், முந்தைய இரவே கீழே இறங்கி உறவினர் வீட்டில் தங்கிக்கொள்ளுங்கள், அனுமதிச் சீட்டை அச்செடுத்து, அசல் அடையாள அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள் என்று விடாமல் சொல்கிறேன். சேரும் நாளிலேயே தேர்வுப் பதிவின் கடைசித் தேதியை நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டுவிடுங்கள் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

சந்தேகம் கேட்கும் சிக்கல் மட்டும் தீராமலே இருந்தது. பத்தாயிரம் பேர் படிக்கும் வகுப்பில் ஒரு பேராசிரியர் ஒவ்வொருவருக்கும் பதில் சொல்ல முடியாது; அது யாருடைய குற்றமும் அல்ல. அதை ஈடுகட்டத்தான் சில படிப்புகளில் மாணவர்களே ஒருவர் தாளை ஒருவர் திருத்தும் முறையை வைத்திருக்கிறார்கள். ஜவ்வரிசி ஆலைகளில் மரவள்ளிக் கிழங்கின் மாவுச்சத்து அளவை வைத்து விலை போடும் முறையைப் பற்றி நான் ஒரு படிப்பில் கட்டுரை எழுதினேன். நான்கு இரவுகள் எடுத்துக்கொண்டு எழுதியது. திருத்திய மூவரில் இருவர் ஒற்றைச் சொல்லில் நன்று என்று எழுதி முழு மதிப்பெண் கொடுத்தார்கள். மூன்றாமவர் பாதி மதிப்பெண் கொடுத்துவிட்டுக் காரணம் எதுவும் எழுதவில்லை. எங்கே தவறினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பாராட்டைவிடவும் குறையைவிடவும், யாரும் முழுமையாகப் படிக்கவில்லை என்பதுதான் அன்று என்னை அதிகம் வருத்தியது.

இதற்கு ஒரு வழி 2022ஆம் ஆண்டு தற்செயலாகப் பிறந்தது. என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஒரு தம்பி, அம்மாப்பேட்டையில் விசைத்தறி வைத்திருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவன், பைதான் என்ற கணினி மொழியில் நிரல் எழுதக் கற்றுத்தரும் படிப்பில் சேர்ந்து மூன்றாம் வாரத்தில் நின்றுவிட்டதாகச் சொல்ல வந்தான். வீட்டின் முன்கட்டில் நான்கு தறிகள். காலை ஆறு மணி முதல் இரவு வரை ஓடும். அந்தச் சத்தத்தில் பேராசிரியரின் குரல் கேட்காது. ஆகவே மூன்று வாரமும் ஒலியை அணைத்துவிட்டு, திரையின் அடியில் ஓடும் எழுத்துகளைப் படித்தே பாடம் கற்றிருந்தான். என் வீட்டில் அமர்ந்து ஒரு விடியோவைப் போட்டபோது, "மிஸ், இவரு குரல் இப்படியா இருக்கும்!" என்று வியந்தான். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அஸ்தம்பட்டியில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் தம் வீட்டு மாடி அறையை ஞாயிற்றுக்கிழமை காலை பத்து முதல் பன்னிரண்டு வரை தந்தார். தம்பியோடு, ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலையில் கணக்கு எழுதும் ஓர் அக்கா, செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்தும் குடும்பத்துப் பெண், அரசுக் கல்லூரி மாணவர் இருவர், நான் என ஆறு பேர் ஆனோம்.

அந்த அறையில் எங்களில் யாரும் ஆசிரியர் இல்லை. அந்தப் பாடத்தில் எல்லாரும் மாணவர்களே. விடியோவை அவரவர் நேரத்தில் பார்த்துவிட்டு வர வேண்டும், அறையில் விடியோ போடுவதில்லை. உள்ளே வந்ததும் ஒவ்வொருவரும் அந்த வாரம் தமக்குப் புரியாத ஓர் இடத்தைச் சொல்ல வேண்டும். எல்லாம் புரிந்துவிட்டது என்று சொல்பவர், புரிந்ததைப் பலகையில் எழுதிக் காட்ட வேண்டும். தொடக்கத்தில் அக்கா பேசவே தயங்கினார். இரண்டாவது வாரம், "எனக்கு இந்த லூப் எங்க நிக்கும்னே தெரியலைங்க" என்று மெதுவாகச் சொன்னார். நிரலில் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் பகுதிதான் லூப். கல்லூரி மாணவர்களுக்கும் அது தெரிந்திருக்கவில்லை. கேட்க வெட்கப்பட்டு இருந்திருக்கிறார்கள். கிழங்கு மூட்டைகளை எடை போடும் வரிசையை வைத்து, கடைசி வண்டி போன பிறகு எடைமேடை எப்படி நிற்கிறது என்று பேசிப் பேசி அவரே அதை அவிழ்த்தார். ஆறு பேரில் நான்கு பேர் அந்தப் படிப்பை முடித்துத் தேர்வும் எழுதினோம். விலகிய இருவரில் ஒருவருக்குத் திருமணம். இன்னொருவருக்கு இரவுப் பணி. அடுத்த ஆண்டு தொடங்கிய படிப்பில் எட்டுப் பேரில் மூவர்தான் முடித்தோம். எல்லா ஆண்டும் ஒரே மாதிரி அமைவதில்லை.

2013ஆம் ஆண்டு அமெரிக்காவின் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகம் உடாசிட்டியோடு சேர்ந்து அடிப்படைக் கணிதம் உள்ளிட்ட மூன்று பாடங்களை இணையவழியில் நடத்தியது. வகுப்பறை மாணவர்களைவிடத் தேர்ச்சி மிகக் குறைவாக இருந்ததால் அதே ஆண்டு அதை நிறுத்திவைத்தது. கணிதத்தில் முன்பே தடுமாறியவர்கள் அதில் பலர் இருந்தார்கள். அதே ஆண்டு பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தினர் கோர்செராவில் படிப்பவர்களிடம் கேட்டறிந்தபோது, 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் ஏற்கெனவே பட்டம் பெற்றவர்களாக இருந்தார்கள். தனியாகப் படிக்கத் தெரிந்தவருக்கு இந்தப் படிப்புகள் பெரும் வரம். அந்தப் பழக்கம் இன்னும் வராதவருக்குப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். நம் ஊரில் பட்டம் இல்லாதவருக்கும் முதல் தலைமுறை மாணவருக்கும்தான் இதை அதிகம் பரிந்துரைக்கிறோம் என்பதால், அந்த ஆளை ஏற்பாடு செய்யும் பொறுப்பும் நம்முடையதாகிறது.

கல்லூரிகள் அதைச் செய்யலாம். ஒரு பருவத்தின் பாடங்களில் 2016ஆம் ஆண்டு 20 விழுக்காடு வரையிலும், 2021ஆம் ஆண்டு முதல் 40 விழுக்காடு வரையிலும் ஸ்வயம் படிப்புகளின் மதிப்பெண் அலகுகளை (கிரெடிட்) ஏற்கப் பல்கலைக்கழக மானியக் குழு அனுமதித்திருக்கிறது. நல்ல முடிவுதான். ஆனால் எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில் ஒரு வகுப்பு முழுவதையும் ஒரே நாளில் சேர்த்துவிட்டார்கள். புதன்கிழமை இரவு ஒப்படைப்புக்கான கடைசி நேரம் நெருங்கும்போது, விடைகள் வாட்ஸ்அப் குழுவில் சுற்றிவரும். ஒப்படைப்பில் 25க்கு 24 வாங்கிய பிள்ளை தேர்வில் 75க்கு 19 வாங்கி அழுதுகொண்டு வந்தாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஓர் அறையும், கேள்வி கேட்டால் கோபப்படாத ஓர் ஆசிரியரும் கிடைத்திருந்தால் அவள் அந்த விடைகளைத் தேடியிருக்க மாட்டாள்.

வேலைக்கு உதவுமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். சான்றிதழ் மட்டும் உதவியதாக நான் பார்த்ததில்லை. அம்மாப்பேட்டைத் தம்பி நேர்காணலுக்குப் போன இடத்தில் அவனுடைய சான்றிதழைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால், தன் வீட்டுத் தறிகளுக்கு வரும் பாவு, ஊடை நூலின் இருப்பையும் நெய்து போன சேலைகளின் கணக்கையும் வைத்துக்கொள்ள அவன் எழுதியிருந்த சிறிய நிரலைக் கேட்டு வாங்கிப் பார்த்து, அரைமணி நேரம் கேள்வி கேட்டிருக்கிறார்கள். அந்த வேலை கிடைக்கவில்லை, அடுத்தது கிடைத்தது. எந்தப் படிப்பை எடுத்தாலும், முடியும்போது நம் வீட்டுக்கோ தொழிலுக்கோ பயன்படும் ஒரு பொருளைச் செய்து வைத்திருங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

சென்ற மாசியில் அப்பாவுக்குக் கண் பரிசோதனை செய்வதற்காக அவரைச் சேலத்துக்கு அழைத்து வந்தேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் மாடி அறைக்கும் உடன் வந்தார். மூலையில் நாற்காலியில் அமர்ந்து இரண்டு மணி நேரமும் கேட்டுக்கொண்டிருந்தார். ஆலைக் கணக்கு எழுதும் அக்கா, புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு இடைநிலை அளவுக்கும் சராசரிக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தார். முடிந்ததும் அப்பா, "நீங்கதான் வாத்தியாரம்மாவா?" என்று அவரிடம் கேட்டார். "இல்லைங்கய்யா, நானும் படிக்கத்தான் வர்றேன். போன வருஷம் இதே இடத்துல நான் முழிச்சுக்கிட்டு நின்னேன்" என்றார் அக்கா. அப்பா சற்று நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் திரும்பி, "எங்கிட்ட இன்னும் பதினோரு செக்ரோல் நோட்டு பரண்ல கெடக்கு கண்ணு. இந்தப் பிள்ளைங்களுக்குக் கணக்குப் போட ஆகும்னா, வர்ற ஞாயித்துக்கெழம எடுத்துட்டு வரட்டுமா?" என்று கேட்டார்.